கூழாங்கல் பண்ணைவீடு: உதிரும் சுவருக்குச் சிமெண்டா, சுண்ணாம்பா, இரண்டும் கலந்ததா?

நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பக்கம், ராச்செஸ்டரைச் சுற்றியுள்ள கிராமங்களில், பழைய கூழாங்கல் பண்ணைவீடு வாங்கியவர்களுக்கு என்றைக்காவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும்: கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து உதிர்கிறது, அந்த இடத்தை எதை வைத்து அடைப்பது? ஒன்டாரியோ ஏரிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வீடு வாங்கியிருக்கும் என் நண்பர் குடும்பம் இப்போது அந்தக் கட்டத்தில்தான் நிற்கிறது. வந்து பார்த்த கொத்தனார்கள் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். சிமெண்ட் போட்டால் உங்கள் காலம் முழுக்கக் கவலை இல்லை என்கிறார் ஒருவர். சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்து போடலாம் என்கிறார் இன்னொருவர். கூலி அதிகம் கேட்டவரோ சுண்ணாம்பைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்கிறார். அவர்களுக்காகத் தேடிப் படித்ததையும், இந்த வட்டாரத்தில் பழுதுபார்த்த சுவர்களை நின்று பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் தண்ணீரைச் சரிசெய்யுங்கள், அப்புறம் உதிர்ந்த இடத்தை மட்டும் சுண்ணாம்புச் சாந்தால் பழுது பாருங்கள், முழுச் சுவரையும் சுரண்டாதீர்கள்.

இந்தச் சுவர்கள் எப்படி வந்தன என்று தெரியாமல் சாந்தைப் பற்றிப் பேச முடியாது. பனியுகத்துப் பனிப்பாறைகள் வடக்கே கனடாவிலிருந்து கல்லை உருட்டிக்கொண்டு வந்து இந்த வயல்களில் கொட்டிவிட்டுப் போயின. பனி உருகிய காலத்தில் இப்போதைய ஒன்டாரியோ ஏரியைவிடப் பெரிய ஏரி ஒன்று இங்கே நின்றது, இராக்வாய் ஏரி என்கிறார்கள். அதன் பழைய கரைமேட்டின் மேல்தான் இன்றைய 104-ஆம் எண் சாலை, அதாவது ரிட்ஜ் ரோடு, ஓடுகிறது. உழும்போதெல்லாம் கலப்பையில் கல் தட்டும், பொறுக்கி வேலியோரம் குவிப்பார்கள். 1825-இல் ஈரி கால்வாய் முழுதாகத் திறந்தபோது கோதுமையும் மாவும் நியூயார்க் நகரம் வரை மலிவாகப் போக ஆரம்பித்தன, விவசாயி கையில் காசு புரண்டது. காட்டை அழித்துக் குடியேறிய காலத்து மரக்குடிலை விட்டு நல்ல வீடு கட்ட ஆசை வந்தது. கல் வேலியோரம் சும்மா கிடந்தது, சுண்ணாம்பு சுட உள்ளூரிலேயே சுண்ணக்கல் இருந்தது. இப்படித்தான் 1825-இலிருந்து உள்நாட்டுப் போர் வரும்வரை, ஏறத்தாழ 35 ஆண்டுகள், இந்தக் கட்டுமானம் இங்கே செழித்தது. வட அமெரிக்காவில் உள்ள இந்த வகைக் கட்டடங்களில் பத்தில் ஒன்பது பங்கு ராச்செஸ்டரிலிருந்து 75 மைல் தொலைவுக்குள்ளேயே இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். மிச்சம் மிச்சிகன், விஸ்கான்சின், கனடாவின் பாரிஸ் என்ற சிற்றூர் போன்ற இடங்களில் சிதறிக் கிடக்கிறது. போருக்குப் பிறகு கூலி ஏறியது, செங்கல்லும் அறுத்த மரமும் மலிந்தன, இந்த வேலையும் நின்றுபோனது. உங்கள் வீட்டுச் சுவரைப் பழுது பார்க்கப்போகிறவர் தன் ஆசானிடம் நேரடியாக இந்த வேலையைக் கற்றிருக்க வாய்ப்பில்லை, அந்தத் தொடர் அறுந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

முடிவு எடுப்பதற்கு முன் ஆல்பியனுக்கு வடக்கே சைல்ட்ஸ் என்ற இடத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே 1834-இல் கட்டிய தேவாலயமும் 1849-இல் கட்டிய பள்ளிக்கூடமும் கூழாங்கல் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அந்தப் பள்ளியில் 1952 வரை பிள்ளைகள் படித்தார்கள். நல்ல சுவர் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகினால்தான் கெட்ட பழுது எது என்று தெரியும்.

சரி, சுவருக்கு வருவோம். வெளியிலிருந்து பார்த்தால் கூழாங்கல் மட்டும்தான் தெரியும், ஆனால் சுவர் பெரும்பாலும் ஒன்றரை அடிக்கு மேல் பருமன், அதில் முகம் மட்டுமே கூழாங்கல். உள்ளே இருப்பது ஒழுங்கில்லாத கரடுமுரடான கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். நல்ல கொத்தனார் முகத்தில் வைக்கும் கல்லில் நீளமானதைத் தேர்ந்து, அதன் முனை மட்டும் வெளியே தெரிய, உடம்பு உள்ளே போகும்படி வைத்தார். அதுதான் முகத்தையும் முதுகையும் பிணைக்கிறது. மூலையிலும் கதவு சன்னல் ஓரங்களிலும் வெட்டிய கல், அது சுண்ணக்கல்லாக இருக்கும் அல்லது மெடினா செம்மணற்கல்லாக இருக்கும். ஆரம்பக் காலத்து வீடுகளில் வயலில் பொறுக்கிய கல், அளவும் நிறமும் கலந்து கிடக்கும். பிற்காலத்தில் ஏரிக்கரையிலிருந்து அலை தேய்த்த கல்லை வண்டியில் ஏற்றி வந்து, துளையிட்ட பலகையிலோ இரும்பு வளையத்திலோ போட்டு அளவு பிரித்து, முன்முகத்துக்கு மட்டும் ஒரே அளவில் அடுக்கினார்கள். பக்கச் சுவருக்கும் பின்சுவருக்கும் வயல் கல்லே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

சாந்து செய்த வேலையை இந்தச் சுவரில்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நடுவே கிடைமட்டமாக ஒரு மேடு, கரணையால் இரண்டு பக்கமும் வழித்து நடுவில் கூராக நிற்கும், சுவர் முழுக்க நூல் பிடித்தமாதிரி போகும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் நெட்டுக்குச் சின்ன மேடு. ஆக ஒவ்வொரு கல்லும் தனித்தனிச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. சில வீடுகளில் ஒரு வரியின் கற்கள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்த வரி வலப்பக்கம் சாயும். மாலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், அந்த மேடுகளின் நிழல்தான் சுவருக்கு உருவம் கொடுக்கிறது. சுண்ணாம்பு மெதுவாக இறுகும் என்பதால் ஒரு நாளைக்குச் சில வரிகளுக்கு மேல் ஏற்றவே மாட்டார்கள். எனவே சாந்து என்பது இங்கே இடைவெளியை அடைக்கும் பொருள் மட்டும் இல்லை, சுவரின் முகத்தில் பெரிய பங்கு அதுதான், கொத்தனாரின் கை தெரிவதும் அதில்தான். எந்தச் சாந்து என்ற கேள்வியோடு அதை யார், எப்படி வைப்பார்கள் என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டே வரும்.

ஏன் உதிர்கிறது? பெரும்பாலும் தண்ணீர். கூரைக் கட்டர், அதாவது கூரை ஓரத்தில் மழைநீரை வாங்கும் வாய்க்கால், ஓட்டையாகி ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காக ஒழுகியிருக்கும், அல்லது பூச்செடி போட மண்ணைக் கொட்டிக் கொட்டித் தரை உயர்ந்து முதல் இரண்டு வரிகள் மண்ணுக்குள் போயிருக்கும், அல்லது யாரோ சுவரை ஒட்டிச் சிமெண்ட் திண்ணை போட்டிருப்பார்கள், மழை அதில் தெறித்துச் சுவரில் அடிக்கும், குளிர்காலத்தில் பனி உருக அதில் தூவும் உப்பும் சேர்ந்து சுவருக்குள் ஏறும். இங்கே ஏரியிலிருந்து வரும் பனி கொஞ்சநஞ்சம் இல்லை. பகலில் உருகி இரவில் உறைவது ஒரே குளிர்காலத்தில் எத்தனையோ தடவை நடக்கும். நனைந்த சாந்து உறைந்தால் விரியும், விரிந்தால் விடும். என் நண்பர் வீட்டில் வடமேற்கு மூலை மட்டும் மோசம், மற்ற மூன்று மூலைகளும் கல்லாட்டம் நிற்கின்றன. அந்த மூலைக்கு நேர் மேலேதான் கட்டர் குழாய் பாதியில் கழன்று தொங்குகிறது. சாந்து கெட்டது என்று அந்த மூலையைச் சிமெண்டாலோ சுண்ணாம்பாலோ பூசிவிட்டுக் குழாயை அப்படியே விட்டால், எதைப் பூசினாலும் ஒன்றுதான்.

அதனால் 'இப்போதைக்கு ஒன்றும் செய்யாமல் விடுவது' என்பதையும் ஒரு வழியாகவே நான் எண்ணுகிறேன். கட்டரைச் சரிசெய்து, மண்ணை வெட்டிச் சரிவை வெளிப்பக்கம் திருப்பி, படர்ந்த கொடியை அடியில் வெட்டிக் காயவிட்டு, ஒரு முழு ஆண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஈரம் குறைந்து, உப்புப் பூப்பது நின்று, உதிர்வதும் நின்றால் வேலை பாதியாகக் குறையும். கல்லே கையில் வரும் அளவுக்கு ஆடினாலோ, முகம் வயிறு தள்ளிக்கொண்டு வெளியே வந்தாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது. தள்ளிய சுவருக்குச் சாந்து மருந்தே இல்லை, கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

இனிச் சிமெண்ட். சிமெண்ட் போடலாம் என்கிறவரின் வாதத்தை நியாயமாக எடுத்து வைக்கிறேன், ஏனென்றால் அதைக் கேட்டால் சரி என்றுதான் தோன்றும். பழைய செங்கல் சுவருக்குச் சிமெண்ட் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும், சாந்து செங்கல்லைவிடக் கடினமாகிவிடும், சுவர் அசையும்போது செங்கல்தான் அடிவாங்கும், முகம் உரியும். ஆனால் இங்கே கல் கிரானைட், குவார்ட்சைட், பனிப்பாறையே அரைத்தும் உடையாத கல். சிமெண்ட் அதை என்ன செய்துவிடும்?

அந்தக் கல்லை ஒன்றும் செய்யாதுதான். அடி வாங்குவது வேறு இடங்கள். ஒன்று, முகத்துக்குப் பின்னால் இருப்பது மெலிந்த சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கரடுமுரடான சுவர். அது ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் தக்கபடி கொஞ்சம் அசையும், முன்னால் ஓர் அங்குலத்துக்குச் சிமெண்ட் ஓடு போட்டால் ஓடு அசையாது, இரண்டும் பிரியும். இன்னொன்று, அலை தேய்த்த வழவழப்பான கல்லில் சிமெண்ட் சரியாகப் பற்றுவதில்லை. இறுகும்போது சுருங்கும், கல்லின் விளிம்பைச் சுற்றி மயிரிழை அளவுக்கு விரிசல் விழும், மழை அதில் இறங்கும். இறங்கிய தண்ணீர் ஏறிவர வழியில்லை, கல்லும் விடாது, சிமெண்டும் விடாது. உறைந்தால் உள்ளே இருக்கும் பழைய சாந்து பொடியாகிவிடும். அப்புறம் ஒருநாள் சிமெண்ட் ஒரு பாளமாக, நாலைந்து கல்லையும் பிடித்துக்கொண்டு, மொத்தமாக விழும். நண்பர் வீட்டுச் சமையலறைப் பக்கச் சுவரில் முந்தைய உரிமையாளர் யாரையோ வைத்துப் பூசிய சாம்பல் நிறப் பட்டை ஒன்று இருக்கிறது. தட்டிப் பார்த்தால் பொத்தென்று வெற்றொலி, விளிம்பில் விரலை விட்டால் உள்ளே ஈரமான மணல்தான் கிடைக்கிறது. சாந்து என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை.

மூலைக்கற்களும் இருக்கின்றன. மெடினா மணற்கல் எல்லாம் ஒரே தரம் இல்லை, சில அடுக்கடுக்காக உரியும் குணம் உள்ளவை. ஏரிக்கரையிலிருந்து வந்த சிவப்புக் கூழாங்கல்லிலும் இதே மணற்கல் நிறைய உண்டு. 'எல்லாம் கிரானைட்' என்று கொத்தனார் சொன்னால் சுவரைக் காட்டி எது எது கிரானைட் என்று கேளுங்கள். கடைசியாக, தவறு நடந்தால் திருப்ப முடியாது. சுண்ணாம்பு பிடிக்கவில்லை என்றால் உளியால் தட்டி எடுத்துவிடலாம். சிமெண்டை எடுக்கப்போனால் கல்லின் விளிம்பு போகும், சில இடங்களில் கல்லே போகும்.

எண்களில் சொல்வதென்றால், அமெரிக்கச் சாந்துத் தரத்தில் டைப் எம் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 2,500 பவுண்டு அழுத்தம் தாங்க வேண்டும், டைப் எஸ் 1,800, டைப் என் 750, டைப் ஓ 350. அதற்கும் கீழே பழைய பட்டியலில் டைப் கே என்று ஒன்று உண்டு, வெறும் 75. இரண்டு மாடிப் பண்ணைவீட்டின் சுவரில் ஏறும் பாரம் மிகக் குறைவு, ஒன்றரை அடிப் பருமனுக்கு அது பொருட்டே இல்லை. பலம் அதிகம் என்பதற்காக இங்கே கூடுதல் மதிப்பெண் கொடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு அமெரிக்காவில் முதல் காப்புரிமை 1871-இல்தான், பென்சில்வேனியாவில் டேவிட் செய்லர் வாங்கினார். உங்கள் வீடு அதற்கு முன்பே கட்டி முடிந்தது. எனவே சுவரில் சாம்பல் நிறத்தில், கத்தியால் கீறினால் கோடே விழாத சாந்து இருந்தால், அது பிற்காலத்துப் பழுது என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

சிமெண்டும் சுண்ணாம்பும் கலப்பது நடுவழி. டைப் ஓ என்றால் ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு சுண்ணாம்பு, ஒன்பது பங்கு மணல். இன்னும் மெலிதாக்கினால் ஒன்றுக்கு மூன்று, மணல் பன்னிரண்டு வரை. இந்தக் கலவையை இங்குள்ள எந்தக் கொத்தனாரும் போடுவார், சீக்கிரம் இறுகும், இலையுதிர்காலத்துக் குளிருக்கு ஓரளவு தாங்கும், அந்த மேடுகளைச் செதுக்கி நிறுத்தவும் வசதி. வேறு ஆளே கிடைக்கவில்லை, சுவர் திறந்து கிடக்கிறது, குளிர்காலம் வருகிறது என்றால் இந்த மெலிந்த கலவையை நான் ஒப்புக்கொள்வேன். எனக்குப் பயம் வேறு இடத்தில். வேலைத்தளத்தில் அளவுப் பெட்டி வைத்து அளக்கிறார்களா, மண்வெட்டியால் அள்ளிப் போடுகிறார்களா? ஒன்பது பங்கு மணல் ஆறு பங்கானால் டைப் ஓ போய் வேறொன்று வந்துவிடும், சுவரைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

அப்புறம், கடையில் 'டைப் எஸ்' என்று எழுதிய இரண்டு மூட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று டைப் எஸ் சுண்ணாம்பு, நீற்றிய சுண்ணாம்பு மட்டும், வேறொன்றும் கலக்காதது. மற்றொன்று டைப் எஸ் சாந்துக் கலவை, சிமெண்ட் போட்டது, மேலே சொன்ன 1,800 பவுண்டு சமாச்சாரம். எழுத்து ஒன்று, பொருள் முற்றிலும் வேறு. கொத்தனார் 'டைப் எஸ் போடுகிறேன், கவலைப்படாதீர்கள்' என்று சொன்னால் எந்த எஸ் என்று மூட்டையைப் பார்த்தே உறுதி செய்யுங்கள்.

இனி சுண்ணாம்பு. இதிலும் இரண்டு வழி. ஊறவைத்த சுண்ணாம்பு என்பது நம் ஊர்ப் பழைய வீடுகளில் போட்ட அதே பொருள், சுட்ட கல்லைத் தண்ணீரில் நீற்றி, ஊறவிட்டு, மணலோடு பிசைந்து போடுவது. காற்றிலிருக்கும் கரியமிலவாயுவை இழுத்து மறுபடியும் கல்லாகும், மேலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில். கட்டிய நாளில் இந்தச் சுவர்களில் பெரும்பாலும் இருந்தது இதுதான், எனவே ஒத்துப்போவதில் இதை அடிக்க ஒன்றும் இல்லை. ஈரத்தை உள்ளே தேக்காமல் வெளியே விடும், சுவர் அசைந்தால் கூட அசையும், மயிரிழை விரிசல் விழுந்தால் கரைந்த சுண்ணாம்பே ஓரளவு அதை மூடிக்கொள்ளும். (கடுக்காய் ஊறல், வெல்லம் சேர்க்கலாமா என்று நண்பரின் அப்பா காரைக்குடியிலிருந்து அலைபேசியில் கேட்டார். வேண்டாம் என்றேன். அது அந்தச் சுவர்களுக்கான பக்குவம், இங்கே இருந்த சாந்தில் அது இல்லை.) குறை என்னவென்றால் இந்த ஊர்க் குளிர். முழுதாக இறுகுவதற்கு முன் உறைபனி விழுந்தால் மேல்முகம் பொரிந்துவிடும். மே நடுவில் தொடங்கி ஆகஸ்டுக்குள் முடித்தாக வேண்டும். வெயிலும் காற்றும் படாமல் சாக்கு கட்டி, நாளுக்குச் சில தடவை ஈரம் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பொறுமையுள்ள கொத்தனார் வேண்டும், அவருக்குக் கொடுக்கப் பணமும் வேண்டும்.

இரண்டாவது, நீரிலிறுகும் சுண்ணாம்பு. களிமண் கலந்த சுண்ணக்கல்லைச் சுட்டுச் செய்வது, காற்றை மட்டும் நம்பாமல் தண்ணீரோடு சேர்ந்தும் இறுகும். என்.எச்.எல். 2, 3.5, 5 என்று மூன்று வலிமையில் வருகிறது, பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி. இந்த வட்டாரத்துக்கு இதுபோன்ற பொருள் அந்நியமும் இல்லை. ஈரி கால்வாய் வெட்டும்போது 1818-இல் கான்வாஸ் ஒயிட் என்ற பொறியாளர் சிட்டெனாங்கோ பக்கத்தில் தண்ணீரில் இறுகும் தன்மையுள்ள கல்லைக் கண்டுபிடித்தார், கால்வாயின் மதகுகள் அதில்தான் நின்றன. கூழாங்கல் கொத்தனார்களில் சிலரும் வெளிமுகத்துச் சாந்தில் அதைச் சேர்த்தார்கள். இயற்கைச் சிமெண்ட் என்று இன்றைக்கும் அது விற்பனைக்கு வருகிறது, உங்கள் சாந்தைச் சோதித்து அது இருந்ததாகத் தெரிந்தால் மட்டும் அதைத் தேடுங்கள்.

நண்பர் வீட்டுக்கு நான் சொன்னது என்.எச்.எல். 2, மழை நேராக அடிக்கும் வடமேற்கு மூலைக்கு மட்டும் 3.5. ஐந்துக்குப் போகவே கூடாது, அது நாளாக ஆக இறுகிக்கொண்டே போகும், சிமெண்டை விட்டு ஓடிவந்து மறுபடியும் அங்கேயே போய் நிற்பதுபோல் ஆகிவிடும். ஊறவைத்த சுண்ணாம்பைவிட இதை நான் தேர்ந்ததற்குக் காரணம் பருவம்தான். இங்கே சாரம் கட்டிய நாளிலிருந்து நல்ல வெயில்நாள் எண்ணித்தான் கிடைக்கும், சில வாரங்களில் ஓரளவு பிடித்துக்கொள்ளும் பொருள் தேவை. வெயில் அதிகம் இருக்கும் ஊரில் இதே சுவர் நின்றிருந்தால் ஊறவைத்த சுண்ணாம்பையே சொல்லியிருப்பேன்.

விலையைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். மூட்டைக்கு மூட்டை பார்த்தால் என்.எச்.எல். சிமெண்டைவிடப் பல மடங்கு விலைதான். ஆனால் இந்த வேலையில் காசு போவது மூட்டைக்கு இல்லை, கூலிக்கும் சாரத்துக்கும். ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் கையால் சுரண்டி, கையால் நிரப்பி, கரணையால் மேடு இழுக்க வேண்டும், எந்தச் சாந்தாக இருந்தாலும் அந்த உழைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். கூலியில் மிச்சம் பிடிக்கிறேன் என்பவர் கிரைண்டரை எடுப்பார். நேர்க்கோட்டில் ஓடும் செங்கல் சந்துக்கே அது ஆபத்து, வளைந்து வளைந்து ஓடும் இந்தச் சந்தில் அது நேராகக் கல்லின் மேல்தான் ஓடும். குறுகிய உளி, சின்னச் சுத்தியல், இரண்டு போதும். சுரண்டும் ஆழம் சந்தின் அகலத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு இருக்க வேண்டும். மேலாக வழித்துவிட்டுப் பூசினால் எந்தச் சாந்தும் நிற்காது.

வெளியில் அடிக்கும் சிலிக்கான் பூச்சு பற்றியும் கேட்டார்கள். தண்ணீர் ஒட்டாது என்று விளம்பரம் சொல்லும். விரிசல் வழியாகவும் தரையிலிருந்தும் ஏறும் ஈரம் எப்படியும் உள்ளே வரும், போகிற வழியைத்தான் இந்தப் பூச்சு குறைக்கும். வேண்டாம். உள்பக்கம் நுரை அடித்து வீட்டைக் கதகதப்பாக்கும் யோசனையும் அப்படித்தான், சுவருக்கு இதுவரை உள்ளிருந்து வந்த சூடு நின்றுபோகும், உறைவது இன்னும் ஆழத்துக்குப் போகும். மேல்மாடத் தளத்துக்கு வெப்பக்காப்புப் போடுங்கள், சன்னல் இடுக்குகளை அடையுங்கள். சுவரை விட்டுவிடுங்கள்.

எந்தச் சாந்து என்று முடிவானாலும் மணல்தான் நிறத்தையும் நயத்தையும் கொடுக்கும். பழைய சாந்தில் நல்லதாக இருக்கும் ஒரு துண்டை, மழை படாத தாழ்வாரத்தடிப் பக்கம் கிடைக்கும், எடுத்து வீட்டிலேயே வினிகரில் போட்டுப் பாருங்கள். பொங்கிக் கரைந்து மணல் அடியில் தங்கினால் சுண்ணாம்பு. மணலைக் கழுவிக் காயவைத்து உள்ளங்கையில் போட்டால் பழுப்பு, கறுப்பு, அங்கங்கே சிவப்பு என்று தெரியும், பட்டாணி அளவுப் பரல்கூட இருக்கும். கட்டடப் பொருள் கடையில் விற்கும் ஒரேசீரான வெளிறிய மணலில் இந்த முகம் வராது. பக்கத்துக் குவாரிகளில் கேட்டுப் பொருத்தமானதைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். பெரிய வேலை என்றால் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்துக்கொள்வதும் நல்லதுதான். செலவு இருக்கிறது, ஆனால் கொத்தனாரோடு வரும் பாதி வாக்குவாதம் அந்த அறிக்கையோடு முடிந்துவிடும்.

கொத்தனாரைத் தேர்வதில் எனக்கு ஒரே சோதனைதான். வீட்டின் பின்சுவரில், கண்ணில் படாத இடத்தில், மூன்றடிக்கு மூன்றடி மாதிரி போடச் சொல்லுங்கள், கூலி கொடுத்துத்தான். மேடு நேராக ஓடுகிறதா, பழைய மேட்டோடு சேரும் இடத்தில் கோடு உடைகிறதா, கல்லின் முகத்தில் சாந்து அப்பிக்கிடக்கிறதா, நெட்டு மேடுகளை மறந்தாரா என்று பாருங்கள். அவ்வளவு சிரமம் எதற்கு என்று சொல்லி எல்லாச் சந்தையும் தட்டையாக நிரப்பிவிட்டால், சாந்து அசல் சுண்ணாம்பாகவே இருந்தாலும் அது கூழாங்கல் சுவர் இல்லை, கல் பதித்த சுவர். கழன்ற கற்களை எடுக்கும் முன் படம் பிடித்து, ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால் எண் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நீளக்கல்லின் இடத்தில் குட்டைக்கல்லை வைத்துவிட்டால் மறுபடியும் அங்கேயே கழலும்.

பணத்துக்கு ஒரு வழி இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் பழைய வீட்டில் குடியிருக்கும் உரிமையாளர்களுக்கென்று வரிச்சலுகை உண்டு, தகுதியான செலவில் 20 விழுக்காடு, உச்சவரம்பு 50,000 டாலர். வீடு வரலாற்றுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், தகுதியுள்ள கணக்கெடுப்பு வட்டாரத்திலும் இருக்க வேண்டும், குறைந்தது 5,000 டாலர் செலவழித்து அதில் 5 விழுக்காடாவது வெளிப்புற வேலையாக இருக்க வேண்டும். விதிகள் மாறக்கூடும், விண்ணப்பிக்கும்போது மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமானது, வேலை தொடங்கும் முன்பே அவர்கள் ஒப்புதல் வாங்கியாக வேண்டும், முடித்துவிட்டுக் கேட்டால் கிடைக்காது. அவர்களும் சாந்து என்ன, மேடு எப்படி என்றுதான் கேட்பார்கள், சிமெண்ட் என்று எழுதினால் தாள் திரும்பி வரும். அதனால் நண்பர் குடும்பம் இந்த இலையுதிர்காலத்தில் கட்டரையும் மண் சரிவையும் முடித்துவிட்டு, குளிர்காலம் முழுக்கச் சாந்துச் சோதனையையும் விண்ணப்பத்தையும் பார்த்துக்கொண்டு, மே மாதம் அந்த மூலைக்கு மட்டும் சாரம் கட்டுவதாக இருக்கிறார்கள். சமையலறைப் பக்கத்துச் சிமெண்ட் பட்டையை இப்போதைக்குத் தொடவில்லை, அது தானாக விடத் தொடங்கும் விளிம்பில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.